ஏழு மணிக்குப் போட்ட பெருநாள்

எனக்குப் பதவி உயர்வு கிடைத்த அன்று நான் செய்த முதல் வேலை, பக்கத்து மேசையில் இருந்தவளின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கியதுதான். அவள் ஒரு பேக்கரிக்கு விலைப்பட்டியல் செய்துகொண்டிருந்தாள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தது. "கொஞ்சம் தள்ளு புள்ள, ரெண்டு நிமிசம்" என்றேன். அந்த இரண்டு நிமிடம் மாலை அஸர் தொழுகை வரை நீண்டது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ, புதுத் தலைவி முதல் நாளே எப்படி வேலை செய்கிறாள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிறுவனம் கல்முனைப் பிரதான வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை, லோகோ, வீடியோ, சமூக வலைத்தளப் பக்கங்களுக்கான பதிவுகள் எல்லாம் செய்கிறோம். முதலாளி கல்யாணக் கார்ட் அச்சடித்துத் தொழிலைத் தொடங்கியவர். ஒருமுறை கொழும்புக்குப் போய்வந்த கையோடு, வாசல் பலகையில் 'கிரியேட்டிவ் ஏஜென்சி' என்று பெரிதாக எழுதி மாட்டினார். அதைப் படித்துவிட்டும் ஆட்கள் மாடியேறி வந்து, "போட்டோக் கொப்பி எடுக்க ஏலுமா?" என்று கேட்பார்கள். ஏலாது என்று சொல்ல முதலாளிக்கு மனம் வராது. எடுத்துக் கொடுப்பார்.

நான் அங்கே எட்டு வருடம் டிசைனராக இருந்தேன். நோன்பு மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பு அவர் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இனி டிசைன் டீமுக்கு நீங்கதான் லீடர். மூணு மாசம் பாப்பம். நோன்புப் பெருநாள் முடிய உறுதிப்படுத்துவம்" என்றார். நான் வீட்டில் சொன்னேன். உம்மா தெருவில் சொன்னார். தெரு அதை எப்படி விளங்கிக்கொண்டதோ தெரியவில்லை, ஏஜென்சியையே நான் வாங்கிவிட்டேன் என்று இரண்டு பேர் வந்து வாழ்த்திவிட்டு, தங்கள் பிள்ளைகளுக்கு வேலையும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

டீம் என்றால் பெரிய பட்டாளம் இல்லை. இந்தக் கதைக்கு இரண்டு பேரைத் தெரிந்திருந்தால் போதும். ஒருவர் வீடியோ எடிட்டர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஒரு கையில் பொரித்த ரோல்ஸை வைத்துக் கடித்துக்கொண்டு மறு கையால் முழுக் கல்யாணத்தையும் வெட்டி ஒட்டிவிடுவார். என்னை ராத்தா என்பார், நான் அவரைவிட இளையவளாக இருந்தும். மற்றது அவள், மவுஸைப் பறிகொடுத்தவள். இருபத்துநான்கு வயது. கல்முனையிலேயே பிறந்து வளர்ந்த மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பம். பள்ளிவாசலின் பின்மதிலும் அவள் வீட்டு மதிலும் ஒன்றுதான். என்னை அக்கா என்பாள். அதிகம் பேசமாட்டாள். ஒரு விஷயத்தை ஒருதரம் சொல்வாள், இரண்டாம் தரம் சொல்லமாட்டாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம், நாலு தரம் சொல்லாமல் ஓயமாட்டேன்.

தலைமை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எட்டு வருடமாக எனக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் வேலையை நான் வேகமாகவும் வடிவாகவும் செய்ததற்குத்தான். ஆகவே எல்லோருடைய வேலையையும் நானே செய்தால் எல்லாமே வடிவாக வரும் என்று கணக்குப் போட்டேன். யார் மேசைக்குப் போனாலும் "தள்ளு" என்பேன். கொஞ்ச நாளில் நான் எழும்பி வருவதைக் கண்டாலே அவர்கள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து இடம் விட்டார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். 'ராத்தா வந்தா மவுஸ் போகும்' என்று எடிட்டர் எனக்குப் பின்னால் சொல்லிக்கொண்டு திரிந்தது வெகுநாள் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது.

நோன்பு மாதம் வந்தது. எங்கள் தொழிலுக்கு வருடத்தில் அதைவிடப் பெரிய மாதம் இல்லை. அந்த முறை ஏழு கடைகள் பெருநாள் வாழ்த்துக் கேட்டிருந்தன. அதில் புடவைக் கடைக்காரரின் கட்டளை ஒன்றே ஒன்றுதான்: "பிறை கண்டு அஞ்சு நிமிசத்துக்குள்ள ஊர்ல முதல் வாழ்த்து எங்கட கடைட வாழ்த்தா இரிக்கணும். ரெண்டாவதா வந்தா எனக்கு வேணாம்." காரைதீவில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு ஐயாவும் கேட்டிருந்தார். அவர் இந்து, சைவக்காரர். ஆனால் அவருடைய அரிசியில் பாதிக்கு மேல் எங்கள் ஊர்ச் சட்டிகளில்தான் வேகிறது.

இந்த வேலையை முதலாளி அவளிடம் கொடுத்திருந்தார். அவள் செய்த டிசைன் எனக்கே தோன்றியிருக்காது. ஒவ்வொரு கடையின் வாழ்த்திலும் பிறை ஒவ்வொரு இடத்திலிருந்து எட்டிப் பார்த்தது. புடவைக் கடைக்குத் துணிச்சுருளுக்குப் பின்னாலிருந்து, பேக்கரிக்குப் பாண் ரொட்டிக்குப் பின்னாலிருந்து, ஆலைக்கு நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து. "இது சரியா முடிஞ்சா, பெருநாளைக்குப் பொறகு இவ ஜூனியர் இல்ல, டிசைனர்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் முகம் சிவந்துவிட்டது.

நோன்பு இருபத்தொன்பதில் முடியும், அல்லது முப்பதில் முடியும். இருபத்தொன்பதாம் நோன்பு அன்று மாலை பிறை கண்டால் மறுநாள் பெருநாள். காணாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. அறிவிப்பு கொழும்பிலிருந்து வானொலியில் வரும், பிறகு பள்ளி ஸ்பீக்கரில் சொல்வார்கள். அதுவரை யாருக்கும் எதுவும் நிச்சயமில்லை. இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

இருபத்தெட்டாம் நோன்பு அன்று பின்னேரம் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ரெண்டு செட் செஞ்சி வெச்சிரிக்கன். இது பிறை கண்டா போடுற. இது காணாட்டிப் போடுற."

"காணாட்டி எதுக்குப் புள்ள போஸ்ட்? காணாட்டி ஆரு வாழ்த்துற?"

"அந்த நேரத்துலதான் அக்கா எல்லாரும் போனைப் பாத்துக்கொண்டிரிப்பாங்க. எங்கட வீடு பள்ளிக்குப் பின்னாலதானே. காணல்ல எண்டு ஸ்பீக்கர்ல சொன்ன உடன ரோட்டுல ஒரு சத்தம் வரும், பாதிப் பேர் பெருமூச்சு விடுவாங்க, பாதிப் பேர் சிரிப்பாங்க. அந்த நேரம் ஒண்டு போட்டா நல்லா இரிக்கும்."

நான் சிரித்தேன். "புள்ள, நோம்பு பிடிக்கிற நாங்க. பிறை எங்களுக்குத் தெரியும்" என்றேன்.

இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவள் இரண்டாவது செட்டையும் சேமித்து வைத்துவிட்டு, "சரி, அறிவிப்பு வந்த உடன வீட்டுல இருந்தே நான் போட்டுவிடுறன். நேரம் குறிச்சு வைக்க வேணாம்" என்றாள்.

"உன்ட வீட்டுல நெட் போனா? புடவைக் கடைக்காரர் என்னத்தான் கிழிப்பார். தள்ளு."

மவுஸ் என் கைக்கு வந்தது. கடைப் பக்கங்கள் அவளுடைய கணக்கில் திறந்திருந்தன. ஏழு பதிவுகளையும் மறுநாள் மாலை ஏழு மணிக்குத் தானாகப் போகும்படி குறித்து வைத்தேன். எனக்கென்று ஒரு கணிப்பு இருந்தது. முந்திய இரண்டு வருடமும் இருபத்தொன்பதில்தான் முடிந்தது. அறிவிப்பும் ஏழு மணியளவில்தான் வந்தது. கட்டாரில் இருக்கும் என் அண்ணன், எங்கள் காக்காவும், இந்த முறை இருபத்தொன்பதுதான் என்று அடித்துச் சொல்லியிருந்தார். அப்படியே காணாவிட்டாலும், ஏழு மணிக்கு முன் போனில் நிறுத்திவிட்டால் முடிந்தது.

"காணாட்டி நான் நிப்பாட்டுவன். நீ இதுல கை வைக்காத" என்றேன்.

அவள் பையை எடுத்துத் தோளில் போட்டாள். "அக்கா, பிறைக்கு நேரம் வைக்க ஏலாது" என்றாள். வழமைபோல் ஒரேயொரு தரம்தான். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் நான் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, அந்தி மஃரிப் தொழுதோம். என் ஆறு வயது மகள் கார்ட்டூன் பார்க்கவென்று போனைத் தூக்கிக்கொண்டு போனாள். பிறை பார்க்க ஆண்கள் வயல் பக்கம் போயிருந்தார்கள். எங்களுக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. பிறை மேற்கே, மாவடிப்பள்ளிப் பக்கத்து வயலுக்கு மேல்தான் தெரியவேண்டும். அன்று அந்தப் பக்கம் முழுக்க மேகம் மூடிக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் எங்கோ ஒரு பட்டாசு வெடித்தது. பிறகு இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிக் கத்தினாள்: "ராத்தா! நாளைக்குப் பெருநாளாம்! புடவக்கட போட்டிரிக்கி!"

இப்போது சொல்லப்போவதை நான் அலுவலகத்தில் யாருக்கும் விவரமாகச் சொன்னதில்லை. நானும் சந்தோஷப்பட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று உரக்கச் சொன்னேன். முந்திய நாள் என் கையாலேயே குறித்து வைத்தது அந்த நிமிடம் என் தலையில் துளிகூட இல்லை. நான் போட்ட விளம்பரத்தை ஊரோடு சேர்ந்து நானே நம்பினேன். உம்மா முப்பது முட்டையை உடைத்து ஊற்றி பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்துக்கு அடிக்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டுப் பெண் மருதோண்டிக் கூம்போடு ஓடிவந்து, முதலில் மகளின் கையிலும் பிறகு என் வலது கையிலும் கொடி கொடியாகப் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் பள்ளி ஸ்பீக்கர் கரகரத்தது. நாட்டில் எந்தப் பகுதியிலும் பிறை தென்படவில்லை. நாளை நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும்.

தெருவில் ஒரு சத்தம் எழும்பியது. பாதி பெருமூச்சு, பாதி சிரிப்பு. அவள் சொன்ன அதே சத்தம்.

உம்மா முட்டைச் சட்டியோடு அப்படியே நின்றார். "அப்ப அந்தப் புடவக்கட எந்தப் பிறையக் கண்ட?" என்று கேட்டார்.

நேற்று ஏழு மணிக்குக் குறித்து வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மருதோண்டிக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மகளிடம் ஓடினேன். அவள் கட்டிலில் சாய்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். "உம்மா, ஒரு ஆள் சும்மா சும்மா எடுத்துக்கொண்டே இரிந்த. நான் வெட்டி வெட்டி விட்டன்" என்று பெருமையாகச் சொன்னாள். இடது கையால் போனைத் திறந்து பார்த்தேன். ஏழு மணிக்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டிசைன் செய்தவளுடைய அழைப்புகள். ஏழுக்குப் பிறகு புடவைக் கடை, பேக்கரி, முதலாளி, ஆலைக்கார ஐயா, மறுகா முதலாளி, மறுகா முதலாளி.

கடைகளின் பக்கங்களைத் திறந்தேன். ஏழு வாழ்த்துகளையும் காணவில்லை. அவள் அழித்திருந்தாள். கை வைக்காதே என்று நான் சொன்னதையும் மீறிக் கை வைத்திருந்தாள். ஆனால் அதற்குள் ஊர் அதைப் படம் பிடித்து எட்டுத் திசைக்கும் அனுப்பிவிட்டது. ஆலைக்கார ஐயாவைத்தான் அதிகம் பிடித்துக்கொண்டார்கள். 'காரைதீவு ஐயா பிறை கண்டிட்டார், ஊருக்குத்தான் தெரியல்ல' என்று எல்லாக் குரூப்பிலும் ஓடியது.

என்ன செய்வதென்று நான் தவித்துக்கொண்டிருந்த அரைமணி நேரத்துக்குள், அழிந்த வாழ்த்துகளின் இடத்தில் அவளுடைய இரண்டாவது செட் வந்துவிட்டது. வாசகங்களை மாத்திரம் புதிதாக எழுதியிருந்தாள். புடவைக் கடை: 'முதலில் சொல்ல அவசரப்பட்டுவிட்டோம், மன்னியுங்கள். உடுப்புத் தைத்து முடியாதவர்களுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.' பேக்கரி: 'நாளைக்கும் கஞ்சிக்குக் கடிக்க ரோல்ஸ் உண்டு.' ஆலை: 'எங்களுக்கு நெல்லைத்தான் பார்க்கத் தெரியும். பிறையை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.' ஒவ்வொன்றின் கீழும் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். முந்திய பதிவுக்கு ஏசியவர்களே வந்து இதற்குச் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவளுக்குப் போன் எடுத்தேன்.

"எல்லாம் மாத்தியாச்சி அக்கா. நீங்க விடியச் சஹர் சாப்பாட்டுக்கு எழும்ப வேணுமே, படுங்க."

"இல்ல புள்ள, நான்..."

"நாளைக்குக் கதைப்பம்" என்று வைத்துவிட்டாள்.

முப்பதாம் நோன்பு. காலையில் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். என் வலது கை மருதோண்டியில் பழுக்கச் சிவந்திருந்தது. முதல் நாள் ஏமாந்தவர் யார் யார் என்று அன்று ஊரில் பெண்களின் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நான் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

முதலாளி கணினியில் பார்த்திருக்கிறார். நேரம் குறித்தது அவளுடைய கணக்கிலிருந்து. அவருக்கு அதற்கு மேல் விசாரிக்கத் தோன்றவில்லை; பிறகு மாற்றியது லீடராகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இரக்கப்பட்டார்.

"அவவுக்கு ஏசிப் பிரயோசனமில்ல" என்றார். "எங்கட மார்க்க விசயம், பிறை, இதெல்லாம் அவவுக்கு எப்பிடித் தெரியும்? நான்தான் யோசிக்காமக் குடுத்திட்டன். இனிப் பெருநாள் வேலைய அவட்ட குடுக்க வேணாம். அவட நத்தார், கிறிஸ்மஸ் வேலையப் பாக்கட்டும். அந்த டிசைனர் கதைய மறுகா பாப்பம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நல்ல வேளை தங்கச்சி, நீங்க அந்த ரெண்டாவது போஸ்டைப் போட்டுச் சமாளிச்சீங்க. கடைக்காரர் எல்லாம் இப்ப சிரிச்சிக்கொண்டு கதைக்கிறாங்க. இதத்தான் லீடர் எண்டு சொல்ற."

நான் தலையாட்டினேன்.

ஓம், தலையாட்டினேன். என் பிழை அவள் தலையில். அவள் கெட்டித்தனம் என் தலையில். இரண்டையும் ஒரே தலையாட்டலில் ஏற்றுக்கொண்டேன், அதுவும் நோன்பு வாயோடு. அவள் ஒருதரம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. என்னிடமிருந்து ஏதோ வரும் என்று காத்திருப்பது போலத்தான் பார்த்தாள். கூட்டம் கலைந்தது.

என் மேசையில் போய் இருந்தேன். வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். மூன்று மாதச் சோதனை அன்றோடு தோல்வி. தெருவுக்கு உம்மா என்ன சொல்வார்? திறக்காவிட்டால் அவள் இந்த வருடமும் ஜூனியர், வருகிற வருடமும் ஜூனியர். பெருநாள் வேலை இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு டிசைனர் வளர்வது நடக்காத காரியம். பெருநாள் முடியட்டும், ஆறுதலாக முதலாளியிடம் தனியாகச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சொல்லமாட்டேன் என்பது எனக்கே தெரிந்திருந்தது. என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து எடிட்டர் வந்து என் மேசையில் சாய்ந்தார். நல்ல மனிதர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

"பாவம் ராத்தா அந்தப் புள்ள. நோம்பு பிடிக்காத ஆளுக்குப் பிறையப் பத்தி என்ன தெரியும்?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ!

"அவவுக்குத் தெரியும்!" என்று கத்தினேன். "அவவுக்கு நல்லாத் தெரியும்! எனக்குத்தான் தெரியா!"

கீழே மருந்துக் கடையில் இருந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்திருப்பார்கள். எடிட்டர் இரண்டடி பின்னால் போனார். முதலாளி அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கத்தத் தொடங்கிவிட்டதால் கத்தியபடியே முழுவதையும் சொல்லி முடித்தேன். மவுஸைப் பிடுங்கியது, ஏழு மணி குறித்தது, அவள் வேண்டாம் என்று சொன்னது, நான் சிரித்தது, எல்லாம்.

முதலாளி திருதிருவென்று விழித்தார். "அப்ப அந்த ரெண்டாவது போஸ்ட்?"

"அதும் அவதான், சேர். முந்தியே செஞ்சி வெச்சிரிந்த. எதுக்கு எண்டு நான்தான் கேட்ட."

"அப்ப அந்த நேரம் நீங்க என்ன செஞ்சீங்க?"

நான் வலது கையை விரித்துக் காட்டினேன். "மருதோண்டி போட்டன்."

பிறகு எடிட்டர் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. அடக்கிப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு. முதலாளி கோபமாக இருக்கத்தான் பார்த்தார். உதடு துடித்தது. "நீங்க போட்டத நீங்களே..." என்று தொடங்கியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கணினித் திரையைப் பார்த்தபடி இருந்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து முதலாளி தீர்ப்புச் சொன்னார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "தங்கச்சி, ஒங்கட மூணு மாசம் இண்டையில இருந்து மறுகா தொடங்குது. இவ டிசைனர். பெருநாள் வேலைக்கெல்லாம் இனி இவதான் லீடர், ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அடுத்த நோன்புக்கும். அந்த வேலையில நீங்க இவவுக்குக் கீழ." பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "மகள், நான் கேக்காமக் கதைச்சிட்டன். மனசுல வைக்க வேணாம்" என்றார். அவர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பின்னேரம் படியிறங்கும்போது அவளோடு சேர்ந்து நடந்தேன்.

"நீ ஏன் புள்ள காலையில ஒண்டும் சொல்லல்ல?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிரிந்தன்."

"சொல்லாட்டி?"

அவள் இரண்டு படி இறங்கிய பிறகுதான் பதில் சொன்னாள். "மட்டக்களப்புல ஒரு இடத்துல வேலைக்கு வரச் சொல்லி இரிந்தாங்க அக்கா. பெருநாள் லீவு முடிய ஓம் எண்டு சொல்ல இரிந்தன்."

இவ்வளவு கெட்டிக்காரியை ஒரு தலையாட்டலில் தொலைத்திருப்பேன்.

"இப்ப?"

"இப்ப ஒண்டுமில்ல. நாளைக்கு எங்கட வீட்டுக்கு வட்டிலப்பம் வருமா?"

வந்தது. அடித்த முட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் முதல் நாளே அவித்து, சஹருக்கே தின்று முடித்திருந்தோம். உம்மா வாய்க்கு வந்தபடி புடவைக் கடையை ஏசிக்கொண்டே மறுபடி முப்பது முட்டை உடைத்தார். உண்மையான குற்றவாளி தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் வேலையில் நான் அவளுக்குக் கீழ் இருந்தேன். முதல் வாரம் எனக்கு வேப்பங்காயாகக் கசந்தது. எட்டு வருட அனுபவம் உள்ள நான் அவளிடம் போய், இந்தப் பச்சை சரியா என்று கேட்க வேண்டும். அவள் என் மேசைக்கு வருவாள். பின்னால் நிற்பாள். மவுஸைத் தொடமாட்டாள். "இது ஏன் அக்கா இவ்வளவு மேல இரிக்கி?" என்று கேட்பாள். நான் காரணம் சொல்லத் தொடங்குவேன். சொல்லும்போதே காரணம் பிழை என்று எனக்கே விளங்கிவிடும். நானே இறக்கி வைப்பேன். அவள் போய்விடுவாள். ஒரு நாளில் இப்படிப் பத்துத் தரம் நடக்கும். இரண்டாம் வாரம்தான் ஒன்று தட்டுப்பட்டது: நான் எட்டு வருடத்தில் செய்ததைவிட நல்ல வேலை அந்த மேசையில் வந்துகொண்டிருந்தது.

மற்ற வேலைகளுக்கு நான்தானே லீடர். அவள் மேசைக்குப் போகும்போது பழைய கை சும்மா இருக்காது, தானாக நீளும். ஒருநாள் அவள் திரும்பாமலே, "அக்கா, ரெண்டு கையையும் பின்னால கட்டுங்க" என்றாள். சின்ன வகுப்புப் பிள்ளை மாதிரிக் கட்டினேன். எடிட்டர் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார். அன்றிலிருந்து யார் மேசைக்குப் போனாலும் அப்படித்தான் நிற்கிறேன். வெளியிலிருந்து வருபவர்கள், இவ்வளவு பணிவான லீடரா என்று பார்க்கிறார்கள். பணிவு எல்லாம் இல்லை, காவல்தான். ஒன்று மட்டும் சொல்வேன். அவர்கள் இப்போது என்னைக் கண்டால் நாற்காலியை நகர்த்துவதில்லை.

இரண்டாவது மூன்று மாதம் முடிந்ததும் முதலாளி என் மேசையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார். என் பெயரும் பதவியும் அச்சடித்த கார்ட்டுகள். கல்யாணக் கார்ட் மாதிரிப் பொன்னிறக் கரை போட்டிருந்தார். பழக்க தோஷம்.

இந்த வருடம் இருபத்தொன்பதாம் நோன்பு அன்று நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. அலுவலகத்திலேயே நோன்பு திறந்தோம். அவள் வீட்டிலிருந்து அவள் அம்மா ஒரு பெரிய ஜக்கில் சர்பத் கரைத்து அனுப்பியிருந்தார். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மேற்கு ஜன்னலால் பார்த்த எடிட்டர், கண்டுவிட்டேன் என்று மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் அது மின்கம்பி. அவள் கணினியில் இரண்டு செட்டும் தயாராக இருந்தது. எதற்கும் நேரம் குறிக்கவில்லை.

புடவைக் கடைக்காரர் எனக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, வயல் பக்கம் கண்டிட்டாங்களாம். போடுங்க! போடுங்க!"

"அறிவிப்பு வரட்டும் நானா." அண்ணன் முறையில் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"வேற கட முந்திரும்!"

"முந்தட்டும் நானா. போன முறை நாங்க முழுசா ஒரு நாள் முந்தினதானே" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

வானொலியை உரக்க வைத்தோம். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு கையும் பின்னால். துணிச்சுருள் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் இருந்திருக்கலாம் என்று பட்டது. ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தபின் அதுவே சரியாக இருந்தது.

அறிவிப்பு வந்தது. பிறை கண்டாயிற்று. தெருவில் தக்பீர் முழக்கமும் பட்டாசும் ஒன்றாக எழும்பின. எடிட்டர் பிளேன்டீக் கோப்பையோடு துள்ளினார். நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அழுத்தவில்லை. நாற்காலியோடு பின்னால் நகர்ந்து இடம் விட்டாள். மவுஸை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க போடுங்க அக்கா."

"நான் போடுறதா?"

"போன முறை நீங்கதானே போட்டீங்க. இந்த முறை நேரத்துக்குப் போடுங்க."

எத்தனையோ பேரின் கையிலிருந்து அதைப் பிடுங்கியிருக்கிறேன். யாரும் தந்து நான் வாங்கியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காமல் இருக்கக் குனிந்துகொண்டேன். திரையில் துணிச்சுருளுக்குப் பின்னாலிருந்து பிறை எட்டிப் பார்த்தது. கீழே புடவைக் கடைக்காரர் தெருவுக்கே வந்து நின்று எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கத்துவது கேட்டது.

"போடட்டா?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் ஓம் என்று சொல்லும்வரை விரலை அசைக்கவில்லை.